கித்தார் தந்தி போல ஒரு கம்பி... வாயருகே ஒரு வெடி!

எரிக் கிளாப்டன் என்றால் இசை ரசிகர்களுக்குக் கித்தார். இ-சிகரெட் பிரியர்களுக்கோ அது ஒரு கம்பிச்சுருளின் பெயர்! தடித்த கம்பியின் மேல் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினால், கித்தாரின் தடித்த தந்தி போலவே இருக்கும். அதனால் ‘கிளாப்டன் காயில்’.

அமெரிக்கா, பிரிட்டன், பிலிப்பைன்ஸ் நாடுகளில் இதை வீட்டிலேயே சுற்றுகிறவர்கள் உண்டு. கம்பியின் ஒரு முனை டிரில் மெஷினில். மறுமுனை, தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மீன்பிடிப்பவர்கள் மாட்டும் சுழல் கொக்கியில். டிரில் மெல்லச் சுழல, மெல்லிய கம்பி வரிசையாக ஏறி உட்காருகிறது. கம்பி பல நேரங்களில் நிக்ரோம்; ஹீட்டர்களில் சிவந்து எரியுமே, அதே ஜாதி.

சுற்றுகளின் இடுக்கில் நிகோடின் திரவம் தங்கும், சூடாகும் பரப்பும் அதிகம். ஆவி குபுகுபுவென வரும். இத்தனை மெனக்கெடலும் அதற்குத்தான்!

கோளாறு கணக்கில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான்: வோல்ட்டை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். முழுதாக சார்ஜ் ஆன 18650 பேட்டரி 4.2 வோல்ட். காயிலின் தடை 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர். இன்னும் ஆவி வேண்டுமென்று 0.1 ஓமுக்கு இறங்கினால் 42 ஆம்பியர்! நல்ல பேட்டரிகளே பொதுவாக 20, 30 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தாங்காது.

சர்க்யூட் உள்ள கருவி, ஷார்ட் ஆனால் தானே நிறுத்திவிடும். சிலர் விரும்பும் ‘மெக்கானிக்கல் மாட்’ வெறும் உலோகக் குழாய். பேட்டரி, பட்டன், காயில், அவ்வளவுதான். காயிலின் கால் தப்பான இடத்தில் லேசாக உரசினாலே ஷார்ட். பேட்டரி கொதித்து வாயுவைக் கக்கும். அது வெளியேற வழியில்லையென்றால் குழாயே வெடிக்கும். அப்போது அது இருப்பது முகத்துக்கு நேரே.

இ-சிகரெட் வெடித்து உயிர்களும் போயிருக்கின்றன. 2018 மே மாதம் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 38 வயதுக்காரர். 2019 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 24 வயது இளைஞர். சிதறிய உலோகத் துண்டு கழுத்து ரத்தக்குழாயை அறுத்துவிட்டது.

யூடியூபில் காயில் சுற்றும் வீடியோக்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. பிள்ளையின் மேஜையில் மெல்லிய கம்பிச்சுருளும் பஞ்சும் குண்டு பேட்டரியும் சேர்ந்து கிடந்தால், சயின்ஸ் புராஜெக்ட்தானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்தியாவில் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டை மட்டுமல்ல, அதன் பாகங்களைத் தயாரிப்பதும் விற்பதும்கூடக் குற்றம். முதல் முறை சிக்கினாலே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.