கறுப்பு-வெள்ளை எண்ணிம ஒளிப்படமும் வண்ண ஒளிப்படமும்

கறுப்பு-வெள்ளை எண்ணிம ஒளிப்படம் என்பது, டிஜிட்டல் கேமரா எனப் பரவலாக அறியப்படும் எண்ணிம ஒளிப்படக்கருவியைக் கொண்டு எடுக்கப்பட்டு, காட்சியின் நிறங்களை விடுத்து ஒளிச்செறிவை மட்டும் கறுப்பு, சாம்பல், வெள்ளைச் சாயல்களில் காட்டும் படம் ஆகும். படச்சுருள் காலத்தில், எவ்வகைச் சுருளைக் கருவியில் இடுவது என்பதைப் படமெடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எண்ணிமக் கருவியில் அம்முடிவைப் படமெடுத்த பின்னரும் எடுக்கலாம். எனினும் இவ்வசதி ஒருவழிப் பாதை போன்றது. வண்ணப் படத்திலிருந்து கறுப்பு-வெள்ளைப் படத்தைப் பெறலாம். கறுப்பு-வெள்ளையாக மட்டும் சேமிக்கப்பட்ட படத்திலிருந்து உண்மையான வண்ணத்தை மீட்க இயலாது.

நிறம் பதிவாகும் முறை

ஒளிப்படக்கருவியின் ஒளியுணரி நிறங்களை அறியாது. அதில் உள்ள ஒவ்வொரு படவணுவும் தன்மீது விழும் ஒளியின் அளவை மட்டுமே கணக்கிடுகிறது. எனவே அடிப்படையில் எல்லா ஒளியுணரிகளும் கறுப்பு-வெள்ளை உணரிகளே எனலாம். நிறத்தைப் பெறுவதற்காகப் படவணுக்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாகப் பொருத்தப்படுகின்றன. இவ்வமைப்புக்கு 1976-ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைசு பேயர் காப்புரிமை பெற்றார். இதில் பாதிப் படவணுக்கள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மனிதக் கண் பச்சைப் பகுதியின் ஒளிக்குக் கூடுதலாக உணர்வு கொண்டிருப்பதே பச்சைக்கு இரட்டைப் பங்கு அளிக்கக் காரணம்.

ஒரு கோடியே இருபது இலட்சம் படவணுக்கள் கொண்ட கருவியில் ஒவ்வொரு படவணுவும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. மற்ற இரு நிறங்களின் அளவும் அண்டைப் படவணுக்களைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. அதாவது வண்ணப் படத்தில் நாம் காணும் எண்களில் மூன்றில் இரு பங்கு அளக்கப்பட்டவை அல்ல, கணிக்கப்பட்டவை.

கறுப்பு-வெள்ளையாக மாற்றுதல்

வண்ணப் படத்தின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளை ஏதேனும் ஒரு விகிதத்தில் கூட்டினால் கறுப்பு-வெள்ளைப் படம் கிடைக்கும். பரவலாகப் பயன்படும் விகிதம் சிவப்பு 0.299, பச்சை 0.587, நீலம் 0.114 என்பதாகும். இது தொலைக்காட்சிக்காக வகுக்கப்பட்ட விகிதம். எல்லாக் காட்சிகளுக்கும் பொருந்தும் என்பதில்லை.

தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரத்தநாட்டுப் பகுதி வயல்களை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய் பாயும் நெல் நிலம் இது. நாற்றங்காலில் செங்கல் நிறச் சேலை அணிந்த பெண் ஒருவர் நாற்றுப் பறிக்கிறார் என்று கொள்க. நாற்றின் நிறம் சிவப்பு 90, பச்சை 150, நீலம் 50 எனவும், சேலையின் நிறம் சிவப்பு 200, பச்சை 90, நீலம் 70 எனவும் படத்தில் பதிவானால், மேற்கண்ட விகிதப்படி இரண்டுமே ஏறத்தாழ 121 என்னும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கண்ணுக்கு முற்றிலும் வேறுபட்டுத் தெரிந்த ஆளும் பயிரும் படத்தில் ஒன்றோடொன்று கலந்துபோகும். சிவப்புக் கூறை மட்டும் எடுத்தால் நாற்று 90, சேலை 200. பயிர் இருண்டு சேலை வெளுக்கும். பச்சைக் கூறை எடுத்தால் நாற்று 150, சேலை 90, நிலைமை தலைகீழாகும். மூன்று படங்களும் ஒரே காட்சியின் கறுப்பு-வெள்ளைப் படங்களே. எது சரி என்பதைக் கருவி அறியாது.

சம்பா அறுவடைக்கு முன், தை மாதத்தில், பச்சைத் தாளுக்கிடையே பொன்னிறக் கதிர் நிற்கும் வயலுக்கும் இது பொருந்தும். சிவப்புக் கூறைக் கூட்டினால் முற்றிய கதிர் ஒளிர்ந்து, தாள் இருண்டு விளங்கும். பழைய ஒளிப்படக்காரர்கள் வில்லையின் முன் சிவப்பு அல்லது மஞ்சள் கண்ணாடியைப் பொருத்திப் பெற்ற விளைவும் இதுவே.

கருவியிலேயே கறுப்பு-வெள்ளையைத் தெரிவு செய்து ஜேபெக் கோப்பாகச் சேமித்தால், இவ்விகிதத்தைக் கருவி தானே முடிவு செய்து நிறத் தகவலை நீக்கிவிடுகிறது. ரா எனப்படும் மூலக்கோப்பாகச் சேமித்தால் கருவியின் திரையில் கறுப்பு-வெள்ளை தெரிந்தாலும் கோப்பினுள் நிறத் தகவல் முழுவதும் இருக்கும். கறுப்பு-வெள்ளையில் பார்த்துப் பழக விரும்பும் மாணவர்களுக்கு இதுவே தக்க வழி. வண்ண ஜேபெக் கோப்பிலிருந்தும் மாற்றலாம். ஆனால் அதில் நிறத் தகவல் பெரும்பாலும் சுருக்கப்பட்டிருப்பதால், ஒரு கூறை மட்டும் மிகுதியாகக் கூட்டும்போது வானம் போன்ற இடங்களில் கட்டம் கட்டமாகப் பிசிறு தோன்றும். நீலக் கூறில் இக்குறை மிகுதி.

கல்வெட்டும் ஓவியமும்

ஒளிப்படத்தில் நிறம் எப்போது தேவை என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் ஒன்றே இரு விடைகளையும் தருகிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயசு திரைப் இக்கோயிலை எடுத்த படங்கள் 1858-இல் வெளிவந்தன. விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக அவர் ஆக்கினார். அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தது. சிவப்பு அதற்கு இருள். அவ்வாறிருந்தும் கல்வெட்டுக்கு அப்படங்கள் போதுமானவையாக இருந்தன. ஏனெனில் எழுத்தைக் காட்டுவது நிறமன்று, உளி வெட்டிய பள்ளத்தில் சாய்வாக விழும் வெயிலின் நிழல். இன்றும் கல்வெட்டைக் காலை அல்லது மாலை வெயிலில் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் எழுத்து தெளியும். கல்லில் குங்குமக் கறை இருப்பின் சிவப்புக் கூறில் அது வெளிறி, எழுத்துக்கு இடையூறு குறையும். இதைச் செய்வதற்கும் முதலில் வண்ணப் படம் வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

அதே விமானத்தின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் இருந்த சோழர் கால ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஓர் அடுக்கை மற்றோர் அடுக்கிலிருந்து பிரித்தறியவும், காவி, மஞ்சள், பச்சை மண் நிறங்களின் நிலையை மதிப்பிடவும் வண்ணமே சான்று. இவற்றைக் கறுப்பு-வெள்ளையில் பார்ப்பவருக்குக் கோட்டின் அழகு மட்டுமே எஞ்சும்.

பயிர்ச் சேதப் படங்கள்

உழவர்களுக்கு இவ்வேறுபாடு கலை சார்ந்தது மட்டுமன்று. பாக்டீரியா இலைக்கருகலில் இலை நுனியும் விளிம்பும் மஞ்சளாகின்றன. புகையான் தாக்கிய வயலில் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது போல் பழுப்பாகிறது. தழைச்சத்துத் தேவையை அறியப் பயன்படும் இலை வண்ண அட்டையோ முழுக்க முழுக்கப் பச்சையின் சாயல்களைச் சார்ந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னி இரகத்துக்கு 3, பிற இரகங்களுக்கு 4 என்னும் அளவை உரமிடுவதற்கான எல்லையாகப் பரிந்துரைக்கிறது. இவற்றைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் மஞ்சளித்த இலையையும் வெயில் பட்ட இலையையும், கரும்பச்சை இலையையும் நிழலில் உள்ள இலையையும் வேறுபடுத்த முடியாது.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வீழ்ந்த மரத்தை எந்தப் படமும் காட்டும். நின்றுகொண்டிருக்கும் மரத்தின் குருத்து பச்சையாக இருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்பதை வண்ணப் படமே காட்டும். சேதத்தைப் பதிவு செய்யும் படங்களை வண்ணத்திலேயே, நிறச் சமன்பாட்டை நிலையாக வைத்து எடுப்பது நன்று.

இதற்கு விலக்கும் உண்டு. நலமான இலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. நலிந்த இலை குறைவாக அனுப்புகிறது. ஒளியுணரியின் முன்னுள்ள அகச்சிவப்புத் தடுப்பியை நீக்கி, அகச்சிவப்பை மட்டும் விடும் கண்ணாடியைப் பொருத்தினால் கிடைக்கும் ஒற்றை நிறப் படத்தில் செழித்த வயல் வெண்மையாகத் தெரியும். செயற்கைக்கோள் வழிப் பயிர்க் கணிப்பு இவ்வடிப்படையில் அமைந்தது.

கறுப்பு-வெள்ளைக்கு மட்டுமான கருவிகள்

வண்ண வடிகட்டி இல்லாத ஒளியுணரி கொண்ட கருவிகளும் உள்ளன. 2012-இல் வெளிவந்த லைக்கா எம் மோனோகுரோம், 2023-இல் வெளிவந்த பென்டாக்சு கே-3 மார்க் 3 மோனோகுரோம் ஆகியவை இவ்வகையின. வடிகட்டி விழுங்கும் ஒளி வீணாகாததால் இவை மங்கிய ஒளியிலும் பிசிறு குறைந்த படத்தைத் தருகின்றன. ஒவ்வொரு படவணுவும் நேரடியாக அளக்கப்படுவதால் நுண்மையும் கூடுதல். ஆயினும் சேலையையும் நாற்றையும் பிரித்துக் காட்ட வேண்டின், படச்சுருள் காலத்தைப் போலவே வில்லையின் முன் நிறக் கண்ணாடியைப் பொருத்தியாக வேண்டும். பொருத்தத் தவறினால் கணினியில் திருத்த வழியில்லை.