மீன் ஏன் திரும்பிப் போகிறது?

பண்டமாரானில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இரையைப் பற்றிப் பெரிய குழப்பம் இருப்பதில்லை. போர்ட் கிள்ளான் பக்கம் சியாக்காப் பிடிக்க உயிர் இறால் இருந்தால் போதும். இறாலின் வாசமும் துள்ளலும் மீனைக் கூப்பிட்டுக்கொள்ளும். நீலகிரியில் டிரவுட் பிடிக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கையில் இருப்பது டிரை ஃபிளை. சிறு முள்ளின்மேல் சேவல் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய, மூழ்காமல் மிதந்து போகும் போலி ஈ. அதில் மணம் இல்லை, ருசி இல்லை. மீன் மேலே எழும்பி வந்து, பார்த்து, வேண்டாமென்று இறங்கிப் போனால் அது கண்ணால் எடுத்த முடிவு.

டிரவுட் நீலகிரிக்கு வந்தேறிய மீன். 1860களில் சென்னை ராணுவ மருத்துவரான ஃபிரான்சிஸ் டே நீலகிரி ஓடைகளில் அதைக் குடியேற்ற முயன்றார், பலிக்கவில்லை. 1907இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் அங்கே காலூன்றியது.

தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலுலகம் முழுவதும் விரிந்து தெரிவதில்லை. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், அடிவானம் முதல் உச்சிவரை உள்ள வானம் மொத்தமும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது. மீன் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் அந்த வட்டத்தின் விட்டம் 68 சென்டிமீட்டர்தான். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஆற்றுப்படுகையைத்தான் அது திருப்பிக் காட்டும். மீன் மேலே வர வர வட்டமும் சிறுத்துக்கொண்டே போகும்.

இந்த வளைவு மீனை ஏமாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். நம் கிள்ளான் கரையோரச் சதுப்புநிலக் காடுகளில் வாழும் ஈக்கான் சும்பிட்டைப் பாருங்கள். இலையில் உட்கார்ந்த பூச்சியை வாயால் நீரைப் பீய்ச்சி வீழ்த்துகிற மீன் அது. நீருக்குள்ளிருந்து பார்க்கையில் பூச்சி உண்மையான இடத்தில் தெரியாது. ஆனாலும் வெவ்வேறு கோணங்களில் அந்தப் பிழையை அது திருத்திக்கொண்டே குறி வைக்கிறது என்பதை லாரன்ஸ் டில் 1977இல் ஆராய்ந்து எழுதினார். நீருக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள எல்லையில் பிழைப்பு நடத்தும் மீன்களின் கண்ணை எளிதாக எடைபோடக் கூடாது.

இப்போது மிதந்து வரும் ஈக்குத் திரும்புவோம். தொலைவில் வரும்போது அதன் உடல் மீனுக்குத் தெரியவே தெரியாது. கால்கள் நீர்த்தோலை அமுக்கும் சிறு குழிகள் மட்டும், கண்ணாடிப் பரப்பில் ஒளிப்பொட்டுகளாக மின்னும். வட்டத்தை நெருங்கியதும் சிறகின் நுனி விளிம்புக்கு மேலே தனியாக முளைக்கும். உடலோடு ஒட்டாமல், அந்தரத்தில். ஈ வட்டத்துக்குள் நுழைந்த பிறகே சிறகும் உடலும் சேரும். அப்போதும் பின்னால் இருப்பது வெளிச்ச வானம், ஆகவே பெரும்பாலும் நிழலுருவம்தான் தெரிகிறது. பிரையன் கிளார்க்கும் ஜான் காடர்டும் 1980இல் வெளியிட்ட நூலில் இவற்றை நீருக்கடியிலிருந்து எடுத்த படங்களோடு விளக்கினார்கள். அதற்கும் வெகுமுன்பே, விமானம் வடிவமைத்த ஜே. டபிள்யூ. டன், ஈயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும் என்று உணர்ந்திருந்தார். 1924இல் அவர் சொன்ன வழி: முள்ளின் தண்டுக்கு வெள்ளை பூசி, மேலே எண்ணெய் பட்டால் ஒளி ஊடுருவும் செயற்கைப் பட்டிழையைச் சுற்றுவது.

கடையில் வாங்கும்போது நாம் மேலிருந்து நிறம் பார்க்கிறோம். என் கணிப்பில் பாதித் தோல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மீதித் தோல்விக்குக் காரணம், பூச்சியின் பருவத்தைக் கவனிக்காதது. மேஃபிளை என்ற பூச்சி ஆற்றடியில் வளர்ந்து, மேலே வந்து, தோலுரித்துப் பறக்கும். பாதி உரிந்த நிலையில் நீர்த்தோலில் சிக்கித் தவிக்கும் பூச்சியால் தப்ப முடியாது. மீனுக்கு அது உழைப்பில்லாத உணவு. அப்படிப்பட்டவை கூட்டமாக வரும் நேரத்தில், கம்பீரமாக நிமிர்ந்து மிதக்கும் உங்கள் ஈயை அது சட்டை செய்யாது. அடையாளம் உண்டு: மீன் எழும்பிய இடத்தில் ஒரு குமிழி மிதந்தால், பரப்பின் மேலிருந்ததைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. மூக்கு தெரியாமல் முதுகும் வாலும் மட்டும் புரண்டால், பரப்புக்குச் சற்றுக் கீழே மேய்கிறது. அப்போது தாழ்ந்து, பாதி மூழ்கி வரும் ஈயைக் கட்ட வேண்டும்.

ஈ சரியாக இருந்தும் மீன் திரும்பினால் தூண்டில் நரம்பைப் பாருங்கள். வேகம் வேறுபடும் நீரோட்டங்கள் நரம்பை இழுக்க, பக்கத்தில் போகும் சருகைவிட ஈ சற்று முந்தினாலோ பிந்தினாலோ அதன் பின்னே மெல்லிய கோடு விழும். நீரோடு மிதந்து வரும் பூச்சி அப்படிப் போவதில்லை.

டிரவுட் இல்லாத ஊரிலும் இதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம். அடி தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, வாங்கிய ஈயை மிதக்க விடுங்கள். பக்கவாட்டில் குனிந்து நீர்ப்பரப்பின் அடியை அண்ணாந்து பாருங்கள், பிறகு பாத்திரத்தைத் தூக்கி நேர் கீழிருந்து பாருங்கள். எந்த ஈயைத் தேர்ந்தெடுப்பது என்பதை அதன்பின் முடிவு செய்யுங்கள்.