ரத்தம் வராத தலைக்காயம்

மளிகைக் கடைப் பரணிலிருந்து 15 கிலோ எண்ணெய் டின்னை இறக்கும்போது பிடி நழுவுகிறது. டின் பையனின் பொட்டில் இடித்துவிட்டுக் கீழே விழுகிறது. இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தவன், “ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்று எழுந்து சரக்குக் கட்டப் போகிறான். ரத்தம் வரவில்லை, எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து.

கடைக்குள் எங்கே அடிபடுகிறது?

கவிழ்த்துப் போட்ட குளிர்பான கிரேட், ஆடும் முக்காலி, அரிசி மூட்டை அடுக்கு. மேல்தட்டை எட்ட இவற்றின் மேல்தான் ஏறுகிறோம். சிந்திய எண்ணெயும், ஃப்ரீசர் அடியில் கசியும் நீரும் பின்பக்கமாக வழுக்கிவிடும். பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து, சட்டென நிமிர்ந்து இடித்துக்கொள்பவர்களும் உண்டு.

உள்ளே நடப்பது

மண்டையோடு பொட்டில்தான் மெல்லியது. அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரும். முதலில் தெளிவாகப் பேசுபவர், சில மணி நேரத்தில் ரத்தக்கட்டு மூளையை அழுத்தும்போது மயங்கிவிடலாம். முதியவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் லேசான இடிகூட, வாரங்கள் கழித்துத் தொல்லை தரலாம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• சிறிது நேரமானாலும் நினைவு தப்புதல், வலிப்பு
• திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி
• பேச்சுக் குழறல், குழப்பம், கை கால் பலவீனம்
• ஒரு கண்பாவை மட்டும் பெரிதாதல்
• மூக்கு, காது வழியே ரத்தம் அல்லது தெளிந்த நீர்

செய்யக் கூடாதவை

உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து சோடா கொடுக்காதீர்கள். கழுத்து அசையாமல் படுக்க வையுங்கள். காயத்தில் காப்பித் தூளோ மஞ்சளோ அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம். அடிபட்டவர் தானே பைக் ஓட்டிப் போகக் கூடாது. மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணி நேரம் ஒருவர் துணை இருக்க வேண்டும்.

கடைக்காரர் கவனத்துக்கு

கனமான டின்களையும் மூட்டைகளையும் இடுப்பு உயரத்துக்குள் அடுக்குங்கள். பரணில் அப்பளம், பேப்பர் கப் போன்ற லேசான சரக்கு போதும். உறுதியான மடக்கு ஏணி ஒன்று வாங்கி வையுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஊழியர் இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருந்தால், வேலையில் பட்ட காயத்துக்குச் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும்.

வீக்கம் மட்டும்தான் என்றாலும், எத்தனை மணிக்கு, எதில், எப்படி இடித்தது என்று அன்றே எழுதிவையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.