செங்காந்தள்: மரநிழலில் வளர்க்கலாமா? கொடியை அடையாளம் காண்பது எப்படி? கிழங்கில் என்ன ஆபத்து?

கார்த்திகை மாசம் பிறந்தா போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பூ வரிசைகட்டி வந்துவிடும். தீ நாக்கு போல மேல்நோக்கி வளைந்த சிவப்பு, மஞ்சள் இதழ்கள். கூடவே 'நம்ம மாநில மலர்' என்று ஒரு வரி. அதுக்குக் கீழே வழக்கமான ரெண்டு கேள்வி: இதை வீட்டுல வளர்க்க முடியுமா? இது விஷமாமே, உண்மையா?

ரெண்டுக்கும் பதில் ஆமாம்தான். அதனால்தான் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கு.

எந்தப் பூ இது?

தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. தமிழில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. செங்காந்தள், கார்த்திகைப் பூ, கண்வலிப் பூ, கலப்பைக் கிழங்கு என ஊருக்கு ஒரு பெயர். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையில் 'கண்வலி' வந்ததாகச் சொல்வார்கள். 'கலப்பை' வந்ததுக்குக் காரணம் கிழங்கின் வடிவம். அதைப் பிறகு பார்ப்போம், ஏன்னா விஷயமே அங்கேதான் இருக்கு.

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. 1947-ல் 21-வது பிறந்தநாள் கொண்டாடிய இளவரசி எலிசபெத்துக்கு, அன்றைய தெற்கு ரொடீசியாவில் இருந்து இந்தப் பூவின் வடிவில் செய்த வைர புரூச் பரிசாகப் போனது. ஈழத் தமிழர்களுக்கு நவம்பர் 27 மாவீரர் நாளோடு சேர்ந்த பூ. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரையிலோ இதே கொடிக்குக் களை என்று பெயர்!

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பட்டியல் வருமே, அது தொடங்குவதே செங்காந்தளில்தான். (கல்லூரியில் அதை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பத்துப் பூவுக்கு மேல் நான் தாண்டியதில்லை.) குறுந்தொகையின் முதல் பாட்டில், தலைவன் காந்தளைக் கையுறையாகக் கொண்டு வருகிறான். தோழியோ, எங்க மலையிலேயே இது குலை குலையாக இருக்கு என்று நாசூக்காகத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அந்த அளவுக்கு மலிந்து கிடந்த பூ.

நிழலில் வளருமா?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். 'காட்டுப்பூ தானே, மரத்தடியில் போட்டா தானா வந்துடும்' என்று வேப்பமர நிழலில் கிழங்கைப் புதைத்துவிட்டு, பூவே வரலையே என்று காத்திருப்பார்கள். கொடி வரும், இலை வரும், பூ மட்டும் வராது.

காட்டில் இது எங்கே இருக்கு என்று பார்த்தால் காரணம் புரியும். அடர்ந்த காட்டுக்குள் இருட்டில் இல்லை. காட்டின் ஓரம், புதர்க்காடு, வேலி. புதருக்கு அடியில் கிழங்கு நிழலிலும் ஈரத்திலும் இருக்கும். கொடி புதரைப் பிடித்து ஏறி வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பூக்கும். கால் நிழலில், தலை வெயிலில். வீட்டிலும் இதையே செய்துகொடுத்தால் போதும். மரத்தின் நேர் அடியை விட்டுவிட்டு, நிழல் முடிகிற ஓரத்தைத் தேர்வு செய்யுங்க. அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்குக் காலை வெயில் விழும் பால்கனி நல்ல இடம்.

இன்னொரு விஷயம், இந்தக் கொடி மல்லி மாதிரி தண்டால் சுற்றி ஏறாது. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பிடி அது. தென்னை மரத்தையோ தடிமனான தூணையோ காட்டினால் பிடிக்கத் தெரியாமல் தரையில் விழுந்துவிடும். காய்ந்த சுள்ளி, கயிற்று வலை, மெல்லிய கம்பி வலை என எதுவாக இருந்தாலும் சரி. வயல்களில் விராலி மார், கிளுவை போன்றவற்றைத் தாங்கலாகக் கொடுப்பார்கள்.

நடும் முறை

ஜூன், ஜூலை சரியான நேரம். கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். நுனி உடைந்த கிழங்கு எவ்வளவு பெரிசா இருந்தாலும் முளைக்காமல் போகலாம், அதனால் வாங்கும்போதே நுனியைப் பாருங்க. படுக்கைவாட்டில் வைத்து நாலு விரல் உயரத்துக்கு மண் மூடினால் போதும். செம்மண்ணோடு மணலும் மக்கிய தொழு உரமும் கலந்துகொள்ளலாம். தண்ணீர் மட்டும் தேங்கவே கூடாது, கிழங்கு அழுகிடும். தொட்டி என்றால் 12 அங்குலமாவது இருக்கட்டும்.

விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் முளைப்பதே தாமதமாகும். பூப் பார்க்க மூணு, நாலு வருஷம் பொறுமை வேண்டும்.

வளர்ந்து வரும்போது இலையில் கறுப்பு உடம்பும் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளுமாக ஒரு புழு தெரிந்தால் அது லில்லிப் புழு. ஆளைக் கொல்லும் விஷம் அதுக்கு ஒண்ணும் செய்யாது. ஒரு வாரத்தில் கொடியை மொட்டையாக்கிவிடும். நாலைந்து கொடிதான் என்றால் கையுறை போட்டு எடுத்துப் போட்டாலே போதும், மருந்து தேவையில்லை.

அடையாளம் காண்பது எப்படி?

பூத்திருந்தால் கவலையே இல்லை. ஆறு இதழ்கள், ஓரம் முழுக்க அலை அலையாக நெளிந்து, பின்பக்கமாக மடங்கி நிற்கும். ஆறு மகரந்தக் கம்பிகள் சக்கர ஆரம் மாதிரி விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணத்தில் திரும்பி, 'உங்க சகவாசமே வேண்டாம்' என்பது போல ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இதனால் அதே பூவின் மகரந்தம் அதன் சூலில் விழுவது கஷ்டம். விதைக்காக வளர்க்கும் விவசாயிகள் காலை வேளையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தடவுவது இதுக்காகத்தான்.

நிறத்தை மட்டும் நம்பாதீங்க. மலரும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடி மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூணு நிறமும் ஒரே நாளில் இருக்கும். நர்சரியில் 'குளோரியோசா' என்று சொல்லி ரோத்சைல்டியானா என்ற ரகத்தையும் விற்பார்கள். அதன் இதழ் அகலமாக, அடர்சிவப்பில் மஞ்சள் ஓரத்தோடு இருக்கும், நெளிவு குறைவு. அழகுதான், ஆனால் நம்ம வேலியில் பூக்கிற செங்காந்தள் அது இல்லை.

பூ இல்லாத நேரத்தில் இலையைப் பாருங்க. ஈட்டி வடிவம், பளபளப்பு, நீளவாக்கில் ஓடும் இணை நரம்புகள், சுருண்ட நுனி. இந்தச் சுருள் நுனி இருந்தால் கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். சர்க்கரைவள்ளிக்கும் காட்டு வள்ளிக்கும் இலை பெரும்பாலும் இதய வடிவம், நுனியில் சுருள் கிடையாது.

உண்மையான சிக்கல் கோடையில் வருது. அப்போது கொடியே இருக்காது, மண்ணுக்குள் கிழங்கு மட்டும்தான். பழுப்புத் தோல், வெள்ளைச் சதை, விரல் பருமன். பார்த்தால் சாப்பிடும் கிழங்கு மாதிரியே இருக்கும். பெரும்பாலும் 'வி' வடிவிலோ 'எல்' வடிவிலோ கலப்பை போல வளைந்திருக்கும் என்பதுதான் துப்பு. ஆனால் ஒரு கை உடைந்து தனியாக வந்தால் அந்தத் துப்பும் போச்சு. கொடி, இலை தெரியாமல் தோண்டிய எந்தக் கிழங்கையும் சமையலறைக்குக் கொண்டு போகாதீங்க.

விஷம் என்ன செய்யும்?

இதில் இருப்பது கோல்சிசின். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் உண்டு. வேகவைத்தால் போய்விடும் என்று நினைப்பது தவறு, போகாது.

சாப்பிட்டதும் ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, நிற்காத வயிற்றுப்போக்கு. ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை என்று வீட்டில் கை வைத்தியம் பார்க்கும் நேரம் இதுதான், உயிர் போகும் தாமதமும் இதுதான். அடுத்தடுத்த நாட்களில் சிறுநீரகம், கல்லீரல், இதயம், எலும்பு மஜ்ஜை என ஒவ்வொன்றாகப் பாதிக்கும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டலாம். எளிதில் கிடைக்கிற மாற்று மருந்து எதுவும் இல்லை. எவ்வளவு சீக்கிரம் மருத்துவமனை போகிறோம் என்பதுதான் கணக்கு. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்க. மீதிக் கிழங்கோ இலையோ இருந்தால் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்க. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

விஷம்னா ஏன் விவசாயம் பண்றாங்க?

இதே கோல்சிசின்தான் மருந்தும். கவுட் எனப்படும் மூட்டு நோய்க்குத் தரும் மாத்திரையில் 0.5 மில்லிகிராம் அளவில் இருக்கும். இதய நோய் ஆபத்தைக் குறைக்க, குறைந்த அளவு கோல்சிசினுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. அதுக்கு மூலப்பொருளாகத்தான் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கமெல்லாம் வயலில் செங்காந்தள் வளர்க்கிறார்கள். விதைக்குத்தான் விலை, அது வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். ஆலையில் பிரித்து, அளந்து தருவது வேறு. யூடியூப் வீடியோ பார்த்து வீட்டில் 'கிழங்கு மருந்து' அரைப்பது வேறு.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும் வயசில் குழந்தை இருந்தாலோ, நாய், ஆடு, மாடு கொடிக்குப் பக்கத்தில் திரிந்தாலோ, இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நாலைந்து வருஷம் கழித்து வையுங்க, பூ எங்கேயும் போகாது. வைப்பதாக இருந்தால் கீரை, கிழங்கு போடும் பாத்தியில் வைக்காமல் தனித் தொட்டியில் வையுங்க. காய் வெடித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் உருண்டை விதைகள், பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும். விதை தேவையில்லை என்றால் வாடிய பூவை அப்போதே கிள்ளிவிடுங்க, காய் பிடிக்காது. கிழங்கைத் தொட்டால் கையுறை, பிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும்.

கிழங்கை நர்சரியிலோ வளர்க்கும் விவசாயிகளிடமோ வாங்குங்க. டிரெக்கிங் போன இடத்தில் தோண்டி எடுத்து வராதீங்க. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் செடி எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி குற்றம். தவிர, கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் காட்டுச் செங்காந்தள் குறைந்துபோயிருக்கு.

தை, மாசி வாக்கில் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். செத்துப்போச்சு என்று நினைக்க வேண்டாம், தூங்குது. தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை மழை படாத இடத்தில் நகர்த்தி வையுங்க. பழைய கிழங்கு சுருங்கி, புதுக் கிழங்கு தயாராக இருக்கும். ஜூனில் மறுபடி முளைக்கும். இடையில் அந்தத் தொட்டி வெறும் மண்ணாகத்தான் தெரியும். வீட்டில் வேறு யாராவது 'காலித் தொட்டி' என்று கிளறி, கிடைத்த கிழங்கைக் கழுவி அடுப்படியில் வைத்துவிடக் கூடாது. பழைய பெயின்ட் டப்பா மூடியில் பெரிய எழுத்தில் 'செங்காந்தள், விஷம், தொடாதே' என்று எழுதித் தொட்டியில் குத்தி வையுங்க.