மாடு மேய்த்த பிள்ளைகள் போட்ட பந்தல்

வைகாசி பிறந்துவிட்டால் வன்னியில் யாரைக் கண்டாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “பொங்கலுக்குப் போறியளோ?” அவர்கள் கேட்பது தைப்பொங்கலை அல்ல, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசி விசாகப் பொங்கலை. பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்திருக்கும். சோளகக் காற்று வீசத் தொடங்கியிருக்கும். குளங்களில் நீர் குறைய, காட்டில் பாலைப்பழம் பழுக்கும் நாட்கள் நெருங்கிக்கொண்டிருக்கும். முன்பு மாட்டுவண்டி கட்டிப் போனார்கள். இப்போது உழவு இயந்திரப் பெட்டியில் பாயை விரித்து, கட்டுச்சோற்றையும் தண்ணீர்ப் போத்தல்களையும் ஏற்றி, அம்மம்மாவை நடுவில் இருத்திப் போகிறோம். நந்திக்கடல் ஓரத்து மணலில் இடம்பிடித்து, இரவிரவாகக் கண்விழித்து, கச்சான் கடை, காப்புக் கடை, ஐஸ்கிறீம் வான் எல்லாவற்றையும் பிள்ளைகளுடன் சுற்றிவருவது எங்கள் குடும்பங்களுக்கு ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் பெரிய உல்லாசம். கடலோரம் போய்க் குடைவிரித்து இருப்பதுதான் விடுமுறை என்று தொலைக்காட்சி காட்டுகிறது. எங்களுக்கு இது போதும்.

இந்தப் பொங்கல் எப்படித் தொடங்கியது என்ற கதையை எங்கள் அம்மம்மாமார் பல விதமாகச் சொல்வார்கள். மதுரையை எரித்த பிறகு ஆறாத கோபத்தோடும் துயரத்தோடும் கண்ணகி இலங்கைக்கு வந்து பல இடங்களில் தங்கினாள். பத்தாவதாகத் தங்கிய இடம் ‘பத்தாம் பளை’ ஆகி, வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் முன் அவள் ஒரு கிழவியாக வந்து நின்றாள். ஊர் தெரியாது, பெயர் தெரியாது. தங்குவதற்கு இடம் கேட்டாள். பிள்ளைகள் கொப்புகளை வெட்டி, குழை பரப்பி, ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். தாங்கள் பொங்கிய பாற்புக்கையை அவளுக்கும் கொடுத்தார்கள். பொழுதுபட்டதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை அள்ளி வார்த்து ஏற்றுங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். தலைமயிரை விலக்கிப் பார்த்த பிள்ளைகள் ஆயிரம் கண்களைக் கண்டு திகைத்து நிற்கையில் அவள் மறைந்துபோனாள். இன்றும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில்தான் விளக்கு எரிக்கிறார்கள்.

உப்புநீரில் விளக்கு எரிகின்ற அற்புதத்தைப் பற்றி நாங்கள் எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முன் நடந்ததைப் பேசுவது குறைவு. ஆயிரம் கண்களைக் காண்பதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் பந்தல் போட்டுவிட்டார்கள். வந்தவள் தெய்வம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டது, கணவனை இழந்து, இருந்த நகரும் எரிந்துபோய், கால்போன திசையில் வந்த ஒரு முதிய பெண்ணை. இன்றைய சொல்லில் சொன்னால் அவள் ஓர் இடம்பெயர்ந்தவள்.

சிலப்பதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். மதுரைக்கு வந்த கண்ணகியையும் கோவலனையும் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவள் மாதரி என்ற இடைச்சி, மாடு வளர்த்து மோர் விற்றவள். நகரை எரிக்கத் தீக்கடவுளை ஏவியபோதும் பசுக்களையும் முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விட்டுவிடும்படி கண்ணகி சொன்னாள். அவ்வளவு கோபத்திலும் பசுவை விலக்கச் சொன்னாள் என்பதை நான் சாதாரண விடயமாக நினைக்கவில்லை. இளங்கோவடிகள் அதன் பிறகு அவளைச் சேரநாட்டுக்கு அனுப்பிவைத்தார். எங்கள் முன்னோர் நந்திக்கடலுக்கு அழைத்து வந்து மறுபடியும் மாடு மேய்ப்பவர்கள் கையில் ஒப்படைத்தார்கள்.

சகோதரிகளே, இந்த நந்திக்கடலின் பெயரைக் கேட்டதும் எங்கள் மனம் போவது பழங்கதைக்கு மட்டும் அல்ல. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனது. 2008 நடுப்பகுதியில் இருந்து கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் கிழக்கே கிழக்கே என்று நகர்ந்து, 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தது. அந்த ஆண்டு வைகாசி விசாகத்தின்போது செட்டிக்குளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தோம். மெனிக் பாம் முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான்.

அந்த நடையில் மனிதர்களை இழந்ததைப் பற்றி ஓரளவாவது பேசியிருக்கிறோம். மாடுகளைப் பற்றிப் பேசியது குறைவு. முதல் இடப்பெயர்வில் பட்டியைச் சாய்த்துக்கொண்டே போனவர்கள் உண்டு. இரண்டாவது, மூன்றாவது இடத்தில் புல் இல்லை, தண்ணீர் இல்லை. கடைசியில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, “போ” என்று கலைத்துவிட்டு வந்தவர்கள் பலர். அவிழ்க்கவும் நேரம் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும், “கட்டின மாடு கட்டினபடியே நிண்டது” என்பதை மெல்லிய குரலில், இதையெல்லாம் சொல்லலாமா என்ற தயக்கத்தோடு சொல்லும் பெண்களை உளசமூகப் பணியில் இருப்பவர்கள் அறிவார்கள். பிள்ளையையே பறிகொடுத்த ஊரில் மாட்டுக்காக அழுவதா என்று அவர்களே தங்களை அடக்கிக்கொள்கிறார்கள். மனிதருக்கே எட்டுச்செலவும் அந்தியேட்டியும் செய்ய முடியாமற்போன காலம் அது. மாட்டுக்கு எங்கே?

என் எண்ணத்தில் இந்த அழுகை சிறியது அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. வன்னியில் மாடு என்பது வங்கிப் புத்தகம், பிள்ளையின் பால், மகளின் சீதனம், வயலின் எரு. அதற்கும் மேலே, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் ஒரு வீட்டு ஆள். மீள்குடியேற்றத்தின் பின் ஆளில்லாமல் அலைந்த மாடுகளிடையே குறியைப் பார்த்தும், கொம்பைப் பார்த்தும், குரல்கொடுத்தும் தங்கள் மாட்டைத் தேடிய பெண்கள் எத்தனையோ பேர். சிலருக்குக் கிடைத்தது. பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. பட்டிப்பொங்கல் நாளில் அந்த மாட்டின் பெயரைச் சொல்லி ஒரு பிடி புக்கையை வாழையிலையில் வைப்பதை யாரும் தடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு அதன் கதையைச் சொல்லுங்கள்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்றும் இல்லை. 2005இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, வளர்ப்பு நாயையும் பூனையையும் கொண்டுபோக விடாததால் பலர் வீட்டைவிட்டு வெளியேறவே மறுத்தார்கள். அதன் பிறகு, அனர்த்தத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006இல் அங்கே சட்டம் வந்தது. 2011இல் யப்பானில் புக்குசிமா அணுமின் நிலையம் சேதமடைந்தபோது, சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் மாடுகளைத் தொழுவத்திலேயே விட்டு ஓட வேண்டியதாயிற்று. எஞ்சிய மாடுகளைக் கொல்லும்படி அரசு சொன்னபோது சில பண்ணையாளர்கள் மறுத்துவிட்டார்கள். ஒருவர் முந்நூறுக்கும் மேற்பட்ட மாடுகளை, விற்கவோ பால் எடுக்கவோ முடியாது என்று தெரிந்தும், ஆண்டுக்கணக்காகத் தீனி போட்டு வளர்த்தார். வளம் நிறைந்த நாட்டிலும் மனிதர் தவித்தது இதற்காகத்தான்.

அனர்த்தம் என்றால் குண்டும் கடலும் மட்டும் அல்ல. 2022 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மன்டூஸ் புயல் கடந்துபோனபோது குளிர்காற்றும் மழையும் சேர்ந்து, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பெரிதும் பாதிக்கப்பட்டன. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒற்றைப் பசுவை அந்த இரவில் இழந்தவர்களுள் பெண் தலைமைக் குடும்பங்களும் இருந்தன. வெட்டவெளியில் நனைந்து, வயிற்றில் தீனி குறைந்து நிற்கும் மாட்டால் குளிரைத் தாங்க முடியாது. கன்றும் கிழமாடும் மெலிந்த மாடும் முதலில் விழும். வாடைக்காற்று வரும் பக்கத்தில் கிடுகோ பழைய தறப்பாளோ கட்டி மறைப்பதும், நிலத்தில் காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் போடுவதும், மழைக்கு முன்பே வைக்கோல் சேர்த்து வைப்பதும் பெரிய செலவு அல்ல. அதைச் செய்ய நல்ல காலம் கோடைதான். பொங்கல் முடிந்து வந்த கையோடு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கொட்டிலை வேய்ந்தால் அதுவும் ஒரு குடும்ப விளையாட்டுத்தான். கிடுகு பின்னத் தெரிந்த பாட்டி அன்றைக்குப் பெரிய ஆள் ஆகிவிடுவார்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போருக்குப் பின்னரான எங்கள் ஊர்களில் நாய்க்குக் கல்லெறிவது, ஓணானைக் கட்டித் தொங்கவிடுவது, பூனைக்குட்டியைக் கிணற்றில் போடுவது போன்ற செயல்களைக் கண்டு தாய்மார் பயப்படுகிறார்கள். சமூகவியலில் சமூகமயமாக்கல் என்று ஒரு சொல் படித்தோம். பிள்ளை தான் காண்பதையே பழகுகிறது என்பதுதான் அதன் சாரம். அடியையும் குடியையும் வீட்டில் காணும் பிள்ளை, தன்னைவிட எளிய ஒன்றைத் தேடித் தன் கோபத்தை இறக்குகிறது. அதற்காக அந்தப் பிள்ளையைப் பூவரசங்கம்பால் அடித்தால், எளியதை அடிக்கலாம் என்ற பாடத்தை நாமே இன்னொருமுறை சொல்லிக்கொடுக்கிறோம். அடிப்பதை விட்டு, ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கன்றுக்குத் தண்ணீர் வைப்பது உன் பொறுப்பு, கோழிக்குஞ்சை மாலையில் எண்ணி அடைப்பது உன் பொறுப்பு என்று சொல்லிப் பாருங்கள். ஒரே நாளில் மாற்றம் வராது. மாதங்கள் எடுக்கும். பிள்ளை விலங்கை வதைப்பது நீண்டுகொண்டே போனால், அல்லது இரவில் அலறி எழும்பினால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மாட்டுவண்டிச் சவாரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தகப்பன்மாரிடமும் ஒரு சொல். ஓடுகின்ற மாட்டை ஆணி பதித்த கம்பால் குத்துவதைப் பார்த்துக் கைதட்டப் பழக்காதீர்கள். இலங்கையில் விலங்கு வதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இல் எழுதப்பட்டது. அதில் எழுதிய தண்டப்பணம் வெறும் 100 ரூபா. சட்டத்தை நம்பி மாடு வாழ முடியாது.

இனி, பொங்கலுக்குப் போக மனமிருந்தும் போகாதவர்களைப் பற்றி. கணவனை இழந்த பெண், காணாமல் ஆக்கப்பட்டவனுக்காகக் காத்திருக்கும் மனைவி, பிள்ளையைத் தேடும் தாய். “அவள் என்னத்துக்கு இனி உல்லாசமாய்த் திரியிறாள்” என்று ஊர்வாய் சொல்லும் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து அவர்களின் பிள்ளைகளுக்கும் பொங்கல் இல்லாமற் போகிறது. யாருடைய கோயிலுக்கு யார் வரக்கூடாது என்று சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே வீற்றிருப்பவளே கணவனை இழந்தவள்தான்! அவளுக்குத்தான் அந்தப் பிள்ளைகள் பந்தல் போட்டார்கள். உங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் இரண்டு பேருக்கு இடம் இருந்தால், பக்கத்து வளவில் இருக்கும் அந்தச் சகோதரியை இரண்டு நாள் முன்பே கேளுங்கள். போகும் நேரத்தில் படலையில் நின்று “வாறியளோ” என்றால் எவரும் வரமாட்டார்கள். கொண்டுவர ஒரு வேலையையும் சொல்லிவிடுங்கள், “நீங்கள் புளிச்சாதம் கட்டுங்கோ அக்கா” என்று. இரக்கப்பட்டுக் கூப்பிட்டதாக அவருக்குத் தோன்றக்கூடாது.

அங்கே போன பிறகும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. வெடி கொளுத்துவதைத் தவிருங்கள். சத்தம் கேட்டதும் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே சத்தத்துக்கு மணலில் படுத்திருந்த ஒரு தாய் திடுக்கிட்டு எழும்பிப் பிள்ளையை இறுக்கிப் பிடிப்பதை அவர்கள் காண்பதில்லை.

பொலித்தீன் பைகளைப் பற்றி மறுபடியும் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 செப்டெம்பரில் சாப்பாடு சுற்றும் லஞ்ச் சீற் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் மெல்லிய பைகள் வந்துகொண்டே இருக்கின்றன. திருவிழா முடிந்து நாங்கள் வீடு திரும்பிய பின் அந்த வெளிக்கு வருபவை ஊர் மாடுகள். உப்பும் சோறும் மணக்கும் பையை மாடு பையோடு விழுங்கிவிடும். அது சமிக்காது, வெளியிலும் வராது. இரைப்பையில் பந்தாகத் திரண்டு, மாடு தீனி தின்பதை நிறுத்தி, வயிறு ஊதி, மெலிந்து சாகும். அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். வாழையிலையிலும் தாமரையிலையிலும் சாப்பிட்டால் மாடு அதையும் சந்தோசமாகத் தின்னும். கடற்கரையில் கிழிந்த தங்கூசி வலைத் துண்டு கிடந்தால் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கி எடுத்துவிடுங்கள், கொக்கின் காலும் நாரையின் காலும் அதில் சிக்கும்.

நாய்களுக்கு மிச்சச் சோறு போடலாம். ஆனால் குட்டி ஈன்ற நாயிடமும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாயிடமும் பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடுகின்ற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. வீட்டு நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்து தவறாமல் கொண்டுபோங்கள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பும்போது, கட்டையில் நிற்கும் பசுவை யார் பார்ப்பது? வைகாசி வெயிலில் பால்மாட்டுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், ஒரு வாளி காணாது. கயிற்றை நீளமாக விட்டு, நிழல் நகர்ந்தாலும் நிழலுக்குள் நிற்கக்கூடியதாகக் கட்டுங்கள். ஊரில் எப்படியும் ஒருவர் போகாமல் நிற்பார், நடக்க ஏலாத ஒரு கிழவரோ பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணோ. அவரிடம் மாட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை விடிய வரும்போது அம்மன் கோயில் புக்கையில் ஒரு கிண்ணமும் இரண்டு சுண்டு கச்சானும் அவருக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள்.