லம்பாடியரின் துணி அணிகலன்

முன்னாளில் பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றித் தக்காணமெங்கும் வணிகம் செய்த லம்பாடி இனத்தின் பெண்கள், துணி, நூல், பாசிமணி, சோழி, நாணயம், கண்ணாடித் துண்டு ஆகியவற்றை இணைத்து அணிகலன் செய்யும் மரபைக் காத்து வந்துள்ளனர். இவ்வணிகள் பலவற்றுக்கு, பல மடிப்புத் துணியை நெருக்கமான ஓட்டுத்தையலால் விறைப்பாக்கிய பட்டையே அடித்தளம். சோழியின் புடைத்த முதுகு நீக்கப்பட்டு, அத்திறப்பின் வழியே நூல் செலுத்தப்படுகிறது. துளையில்லாத கண்ணாடியைப் பதிப்பதுதான் இவற்றுள் நுட்பமான வேலை: முதலில் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இழைகளை இழுத்துக் கட்டி, பின்னர் அவ்விழைகளைப் பற்றியவாறு விளிம்பைச் சுற்றித் தைத்துவர, நடுப்பகுதி திறந்து, ஓரம் மட்டும் நூல்வளையத்துக்குள் இறுகுகிறது, பசையே தேவைப்படுவதில்லை. மாலத்தீவுக் கடலிலிருந்து வந்து ஒருகாலத்தில் பணமாகவும் புழங்கிய சோழி, ஒரு வணிக இனத்தின் கழுத்தணியில் இடம்பெற்றதில் வியப்பொன்றுமில்லை. கர்நாடகத்துச் சந்தூரின் லம்பாடிப் பூத்தையல், ஒரு பொருளை அதன் ஊரோடு பிணைத்துச் சட்டம் வழங்கும் அடையாளமான புவிசார் குறியீட்டைப் பெற்றுள்ளது. தமிழ்நாட்டிலோ தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்ட இத்தையலை முதிய பெண்களிடமிருந்து கற்று, இளையோர் மீண்டும் கையாண்டு வருகின்றனர்.