டான்சிக் உரிமை நகரும் அஞ்சல் நிலையப் படலமும்

குந்தர் கிராசு 1959-இல் வெளியிட்ட 'தகர முரசு' என்னும் புதினத்துள் வரும் போலந்து அஞ்சல் நிலையப் படலத்தை வெறும் போர் வருணனையாகப் படித்துச் செல்வோர் உளர். செருமானியர் மிகுந்த நகரொன்றில் போலந்துக்கு அஞ்சல் நிலையம் எங்ஙனம் வாய்த்தது என்னும் வினா எழாதவரை அப்படலம் விளங்காது. ஆதலின் அந்நகரின் சட்டநிலையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வெர்சேல்சு உடன்படிக்கையின்படி டான்சிக் 1920 நவம்பர் 15-இல் உரிமை நகராயிற்று. 'உரிமை' என்றது முழு விடுதலையை அன்று. தனி அரசியற்சட்டமும் சட்டமன்றமும், 1923 முதல் தனி நாணயமும் நகருக்கு இருந்தன. வெளிநாட்டுறவோ போலந்தின் கையில் இருந்தது. பாதுகாப்புப் பொறுப்பு உலக நாடுகள் சங்கத்தினது. செருமானியக் குடிகள் அக்குடியுரிமை இழந்து நகரக் குடிகளாயினர். அதனை மீண்டும் விரும்பிய, 18 வயது கடந்தோர், ஈராண்டுக்குள் தெரிவித்து, அடுத்த 12 திங்களில் செருமனிக்குக் குடிபெயரல் வேண்டும். வீடா, குடியுரிமையா என்று ஒன்றையே கொள்ள நேர்ந்தது.

1925 சனவரியில் போலந்து தன் அஞ்சற்பெட்டிகளை நகரத் தெருக்களில் பொருத்தியது. நகர அரசு எதிர்த்தது. சங்கத்தின் உயர் ஆணையர் போலந்துக்கு மாறாக முடிவுரைத்தார். வழக்கு ஏகு நகரத்து உலக நீதிமன்றம் வரை சென்றது. துறைமுக எல்லைக்குள் நிலையத்திற்கு வெளியேயும் பெட்டி வைக்கலாம், பொதுமக்களும் அதனைப் பயன்படுத்தலாம் என அம்மன்றம் மே 16-இல் கருத்துரைத்தது. பெட்டிக்கா இத்துணை வழக்கு என நகைக்கத் தோன்றும். எனினும், எல்லை ஐயத்திற்கிடமான ஊரில் கடிதத்தை எப்பெட்டியில் இடுவது என்பதும் அரசியலே.

1933-இல் நாசிக் கட்சி சட்டமன்றப் பெரும்பான்மை பெற்றது. சட்டத்தில் குற்றமெனக் கூறப்படாத செயலையும் 'மக்கள் உணர்வு' கொண்டு தண்டிக்க வழிசெய்த 1935-ஆம் ஆண்டு ஆணைகள், நகர அரசியற்சட்டத்திற்கு முரணானவை என அதே நீதிமன்றம் அவ்வாண்டு திசம்பர் 4-இல் உரைத்தது. அம்மன்றத்திடம் கருத்து இருந்தது, படை இல்லை.

புதினத்தில் யான் பிரான்சுகி முற்றுகைக்குள் சீட்டாடுகின்றான். அதனைக் கோழைமை என்று மட்டும் கூறி அமைதல் போதாது என்பது எம் கருத்து. போலந்துக் குடியுரிமையை விரும்பி ஏற்று அவ்வஞ்சல் நிலையத்தில் பணிபுரிந்தவன் அவன். உடன்படிக்கை தந்த தெரிவே அவனை அச்சுவர்களுக்குள் நிறுத்திற்று. 1939 செப்டம்பர் 1-இல் நிலையம் தாக்கப்பட்டது. சரணடைந்தோருள் 38 பேர் படைமன்றத் தீர்ப்பால் அக்டோபர் 5-இல் சுடப்பட்டனர். கிராசின் தாய்வழி உறவினர் ஒருவரும் அவருள் அடங்குவர். அத்தீர்ப்பைச் செருமானிய நீதிமன்றம் ஒன்று நீக்கியது 1998-இல்.